சொல் விளக்கம்: விலக்களிப்பு, சூழல் முன்மதிப்பீடு, ‘குறிப்பிடத்தக்க தாக்கமில்லை’ என்ற முடிவு

அமெரிக்க அணுமின் நிலையங்களைப் பற்றிய அரசு அறிவிக்கைகளில் ஒரு தலைப்பு அடிக்கடி வரும்: ‘என்விரான்மென்டல் அசெஸ்மென்ட் அண்ட் ஃபைண்டிங் ஆஃப் நோ சிக்னிஃபிகன்ட் இம்பாக்ட்’. பின்பாதியைச் சுருக்கி ‘ஃபான்ஸி’ என்பார்கள். ஒரு நிலையம் ஏதாவது ஒரு பாதுகாப்பு விதியிலிருந்து ‘எக்ஸெம்ப்ஷன்’ கேட்கும். அதைக் கொடுப்பதற்கு முன் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இந்த ஆவணத்தை எழுதி வெளியிடும். இதைத் தமிழில் ‘விதிவிலக்கால் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை’ என்று எழுதினால் படிக்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ‘விதிவிலக்கு’ என்பதும் பொருந்தாது, ‘பாதிப்பில்லை’ என்பதும் பொருந்தாது.

முதலில் எக்ஸெம்ப்ஷன். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘எமெரே’ என்றால் எடுத்தல். எல்லோரையும் கட்டும் ஒன்றிலிருந்து ஒருவரை வெளியே எடுப்பது. இதற்கு நம் வாயில் உடனே வரும் சொல் ‘விலக்கு’. விலகு என்பது தன்வினை, விலக்கு என்பது விலகச் செய்யும் பிறவினை. ஆனால் பெயராக நிற்கும்போது இந்தச் சொல் இரண்டு பக்கமும் போகும். வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். மதுவிலக்கு என்றால் குடிக்கக் கூடாது. ஓரிடத்தில் சலுகை, இன்னோரிடத்தில் தடை. தடைப் பொருள் பழையது. அறம் என்பதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் ‘விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்’. செய் என்று சொன்னது விதி, செய்யாதே என்று சொன்னது விலக்கு. அந்த நாளில் விதியும் விலக்கும் ஒரே அறநூலின் இரண்டு கட்டளைகள். இன்று விதிவிலக்கு என்றால் விதிக்குள் அடங்காதது.

அப்படி அடங்காதது எல்லாம் எக்ஸெம்ப்ஷன் ஆகிவிடாது. பறவைகள் பறக்கும், நெருப்புக்கோழி விதிவிலக்கு. அதற்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை, அது அப்படியே இருக்கிறது. எக்ஸெம்ப்ஷனில் கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர், கொடுத்ததற்கு ஒரு காரணம் என்று மூன்றும் இருக்க வேண்டும். அதனால் ‘விலக்களிப்பு’ என்பதே சரியான சொல். ‘விலக்களித்து ஆணையிடப்படுகிறது’ என்ற நடை நமக்குப் பழக்கமானதுதான், அதிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டால் போதும். சிலர் ‘தளர்வு’ என்கிறார்கள். ஊரடங்குத் தளர்வு என்றபோது கட்டுப்பாடே எல்லோருக்கும் இளகியது. விலக்களிப்பில் விதி இளகுவதில்லை. மற்ற நிலையங்களுக்கு அது முழு வலுவோடு நிற்கும், கேட்ட நிலையத்துக்கு மட்டும் பொருந்தாது.

அமெரிக்காவில் இதற்கான பிரிவு, ஆணையத்தின் விதித்தொகுப்பில் அணு உலை உரிமங்களைப் பற்றிய 50ஆம் பகுதியில் 12ஆவது. விலக்களிக்க வேண்டுமானால், சட்டம் அனுமதிக்க வேண்டும், மக்கள் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் மிகையான ஆபத்து கூடாது, நாட்டுப் பாதுகாப்புக்கு ஒத்துப்போக வேண்டும். இவற்றோடு ‘சிறப்புச் சூழ்நிலை’ ஒன்றையும் காட்ட வேண்டும். விதியை அப்படியே பின்பற்றினாலும் விதியின் நோக்கம் நிறைவேறப்போவதில்லை என்பது அதில் ஒரு வகை. விதி வகுத்தபோது எண்ணியதைவிட மிக அதிகமான செலவோ சிரமமோ நேர்கிறது என்பது இன்னொரு வகை. ‘மிகையான ஆபத்து’ என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். ஆபத்தே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை.

இந்தச் சொற்கள் எப்படி உரசிக்கொள்கின்றன என்பதை இண்டியன் பாயின்ட் நிலையத்தின் கதையில் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒரு தீ விபத்து. 1975 மார்ச் 22 அன்று அலபாமாவின் பிரௌன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில், சுவரில் கேபிள்கள் நுழையும் துளைகள் வழியாகக் காற்று கசிகிறதா என்று மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டிச் சோதித்தார்கள். துளையை அடைத்திருந்த நுரைப்பஞ்சு பற்றிக்கொண்டது. சுமார் 7 மணி நேரம் எரிந்ததில் 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமடைந்தன. முதல் அலகின் அவசரக் குளிர்விப்பு ஏற்பாடுகள் செயலிழந்தன. உலையின் மையப்பகுதி தப்பியது. உலையை நிறுத்தவும் குளிர்விக்கவும் தேவையான இரு தனித்தனி வழிகளின் கேபிள்கள் ஒரே தீயில் போய்விடலாம் என்பது அன்று தெரிந்தது. அதன் பிறகு 1980இல் வந்தது ‘அப்பென்டிக்ஸ் ஆர்’ என்ற தீப்பாதுகாப்பு விதி. அது தரும் வழிகளில் ஒன்று, கேபிள்களைச் சுற்றி 1 மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பும், தீயை உணரும் கருவியும், தானாக அணைக்கும் ஏற்பாடும் வைப்பது.

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்தது இண்டியன் பாயின்ட். அதன் மூன்றாவது அலகில் கேபிள்களுக்கு ‘ஹெமிக்’ என்ற தீத்தடுப்புப் போர்வை சுற்றியிருந்தார்கள். 2005இல் ஆணையம் நடத்திய சோதனைகளில் அது 1 மணி நேரம் தாங்கவில்லை. நிலையத்தை நடத்திய நிறுவனம் விலக்களிப்பு கேட்டது. ஓரிடத்தில் 30 நிமிடமும் இன்னோரிடத்தில் 24 நிமிடமும் தாங்கினால் போதும் என்று 2007 செப்டம்பரில் ஆணையம் ஒப்புக்கொண்டது. அதை ஒட்டித்தான் சூழல் ஆவணமும் வந்தது.

ஒரு கேபிள் போர்வைக்குச் சூழல் ஆய்வு ஏன்? 1970 ஜனவரி 1 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், கூட்டாட்சி அமைப்புகள் தங்கள் முடிவின் சூழல் விளைவை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்கிறது. இன்றைய ஒழுங்குமுறை ஆணையத்துக்கு முன்னோடியான அன்றைய அணுசக்தி ஆணையம் இதைப் பெயரளவில் செய்ய முனைந்தபோது, கால்வெர்ட் கிளிஃப்ஸ் அணுமின் நிலையம் தொடர்பான வழக்கில் 1971இல் நீதிமன்றம் கண்டித்தது. அதிலிருந்து விலக்களிப்பும் இந்த ஆய்வுக்கு உட்பட்ட முடிவுதான்.

‘என்விரான்மென்ட்’ பிரெஞ்சு வழி வந்த சொல், சுற்றியிருப்பது என்று பொருள். நம் ‘சூழல்’ ‘சூழ்’ என்ற வேரிலிருந்து அதே பொருளில் வருகிறது. ‘சூழ்’ என்பதற்கு ஆராய்தல் என்ற பொருளும் உண்டு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ‘அசெஸ்’ லத்தீனில் அருகே உட்கார்தல். நீதிபதிக்கு அருகில் உட்கார்ந்து வரியைக் கணித்தவர் அசெஸர். நம் சொத்துவரி ரசீதின் அசெஸ்மென்ட் நம்பரில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. மதிப்பிடு என்பதன் ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆகி மதிப்பீடு வந்தது. கெடு கேடு ஆனது போலத்தான்.

சரி, அப்படியானால் ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ என்று எழுதிவிடலாமா? கூடாது என்பேன். அந்தத் தொடர் நமக்கு 2006ஆம் ஆண்டின் இந்திய அறிவிக்கையையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பையும் நினைவூட்டும். அமெரிக்க நடைமுறையில் அதற்கு நெருக்கமானது ‘இம்பாக்ட் ஸ்டேட்மென்ட்’ எனும் விரிவான தாக்க அறிக்கை. அசெஸ்மென்ட் அதற்கு முந்தைய படி. அந்த விரிவான அறிக்கை தேவையா என்று முடிவு செய்வதற்கான சிறு ஆய்வு. தேவை என்ன, மாற்று வழி என்ன, விளைவு என்ன, யாரைக் கலந்தார்கள் என்பதைச் சில பக்கங்களில் சொல்லிவிடும். விலக்களிப்புகளுக்கு எழுதியவற்றில் மாற்று வழி என்ற பகுதியில் பெரும்பாலும் ‘கேட்டதை மறுப்பது’ ஒன்றுதான் இருக்கும், மறுத்தாலும் சூழல் விளைவு ஏறக்குறைய அதே என்று முடியும். எனவே ‘சூழல் முன்மதிப்பீடு’ என்று சொல்வது அந்த ஆவணத்தின் அளவையும் இடத்தையும் நேர்மையாகக் காட்டும்.

இனி ஃபான்ஸி. ‘ஃபைண்டிங்’ இங்கே கண்டுபிடிப்பு அல்ல, ஆராய்ந்து அமைப்பு எடுத்த முடிவு. சான்றிதழ் என்றும் எழுதக் கூடாது. ‘சிக்னிஃபிகன்ட்’ லத்தீன் ‘சிக்னும்’, அதாவது குறி என்பதிலிருந்து வருவதால் ‘குறிப்பிடத்தக்க’ அதற்கு அழகாகப் பொருந்துகிறது. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது இந்த அடைமொழிதான், உதிரவே கூடாததும் இதுதான். தாக்கமே இல்லை என்று ஆணையம் சொல்லவில்லை. விரிவான அறிக்கை எழுதும் அளவுக்குத் தாக்கமில்லை என்கிறது. உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. ‘குறிப்பிடத்தக்க தாக்கமில்லை என்ற முடிவு’ என்று நீளமாகவே எழுதுவோம்.

நியூயார்க் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ரிச்சர்ட் பிராட்ஸ்கி, இண்டியன் பாயின்டுக்குக் கொடுத்த அந்த விலக்களிப்பை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2013 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஒரு புள்ளியில் இடம் கொடுத்தது. 24 நிமிடம் போதாது என்று அது சொல்லவில்லை. முன்மதிப்பீட்டில் பொதுமக்கள் கருத்தை ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஆணையம் காரணம் காட்டவில்லை, காட்ட வேண்டும் என்றது. ஆணையம் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது, முடிவை மாற்றவில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு முக்கியமானது என்று நினைக்கிறேன். ஆவணம் சிறியதென்றாலும் மக்களைக் கேட்கும் கடமை அதனால் தானாகப் போய்விடாது. மூன்றாவது அலகு 2021 ஏப்ரல் 30இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

கூடவே ஒரு சொல்லையும் பார்த்துவிடுவோம். முன்மதிப்பீடுகூடத் தேவைப்படாத முடிவுகளுக்கு ‘கேட்டகாரிக்கல் எக்ஸ்க்ளூஷன்’ என்று பெயர். இதையும் விலக்கு என்றால் ‘விலக்குக்கு விலக்கு’ என்று குழம்பும். ‘மதிப்பீடு வேண்டா வகை’ என்பது தெளிவாக இருக்கும். பதிவேடு, ஆய்வு, பயிற்சி, காலக்கெடு போன்றவற்றைப் பற்றிய விலக்களிப்புகளை, சில நிபந்தனைகளோடு, 2010இல் ஆணையம் இந்த வகையில் சேர்த்தது. தீத்தடுப்பு தாங்க வேண்டிய நேரத்தைக் குறைப்பது அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை.