ஒர்க்கர் வேலையை முடித்துவிட்டது, பக்கம் ஏன் இன்னும் காத்திருக்கிறது?

கிருஷ்ணகிரி மண்டிகளில் பெங்களூரா மாங்காய் வந்து குவியும் ஜூன் மாதம். எடைச்சீட்டைச் செல்போனில் படம் பிடித்துக் கொடுத்தால், எண்களைப் படித்துக் கணக்கில் ஏற்றும் வலைப்பக்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். படத்தைக் கொடுத்ததும் பக்கம் உறைந்துவிடுகிறது; எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசைவில்லை. டவர் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். டவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பக்கத்தை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது, பக்கத்தை மாற்றி அமைப்பது, விரல் பட்டதைக் கவனிப்பது எல்லாமே மெயின் த்ரெட் என்ற, ஒரு நேரத்தில் ஒரே வேலை பார்க்கும் ஒற்றை இயக்கப் பாதையின் தலையில்தான் விழுகின்றன. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், ஒரு முறைக்கு அதற்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. படத்தில் எண் தேடும் வேலை அதற்குள் முடியாது. அதைப் பின்னணியில் தனியாக ஓட்டத்தான் வெப் ஒர்க்கர் என்ற உலாவி வசதி. 2009-இல் வந்த பயர்பாக்ஸ் 3.5 உலாவி முதலே இந்த வசதி உண்டு.

ஒர்க்கரால் பக்கத்தில் உள்ள ஒரு எழுத்தைக்கூட நேரடியாகத் தொட முடியாது. போஸ்ட்மெசேஜ் என்ற கட்டளை வழியாகத் தகவல் அனுப்பலாம், அவ்வளவுதான். பக்கம் அதை ஆன்மெசேஜ் என்ற இடத்தில் வாங்கிக்கொள்கிறது; வந்த சரக்கு ஈவென்ட் டாட் டேட்டாவில் (event.data) இருக்கும். வருவது ஜெராக்ஸ்தான், அசல் அனுப்பியவரிடமே இருக்கும். தேதி, பட்டியல், மேப் (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) எல்லாம் ஒழுங்காக நகலாகும். ஃபங்ஷனை, அதாவது நிரலின் ஒரு செயல்பகுதியை, அனுப்பினால் டேட்டாகுளோன் எரர் என்று முகத்தில் அடித்தாற்போல் திரும்பிவிடும்.

நகலெடுக்கவும் நேரம் பிடிக்கும். 4000க்கு 3000 பிக்சல் படத்தை விரித்தால் 4 கோடியே 80 லட்சம் பைட். இதற்கு நகல் வேண்டாம், அந்தப் பைட்டுகள் இருக்கும் நினைவகத் துண்டான அரே பஃபரையே கைமாற்றிவிடலாம். மாற்றிய பிறகு அனுப்பிய பக்கம் அதன் நீளத்தைப் பார்த்தால் பூஜ்யம்தான் இருக்கும்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. ஒர்க்கர் இணையாக ஓடினாலும், அதன் பதிலை வாங்குவது அதே பழைய மெயின் த்ரெட்தான். அது வேறு வேலையில் இருந்தால் வந்த தகவல் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு வரியைப் படித்ததும் 'இதோ முடித்தேன், இதோ முடித்தேன்' என்று ஒர்க்கர் அனுப்பிக்கொண்டே இருந்தால், அவற்றை வாங்கியே பக்கம் மறுபடி திணறும். என்னைக் கேட்டால், நொடிக்கு நாலைந்து முறை மொத்தமாகச் சொன்னாலே தாராளம். பதில் வந்துவிட்டதா என்று மெயின் த்ரெட்டில் ஒரு வைல் லூப்பை, அதாவது நிபந்தனை மாறும்வரை திரும்பத் திரும்ப ஓடும் நிரலை, சுழலவிட்டால் கதையே முடிந்தது: லூப் நின்றால்தான் தகவல் உள்ளே வரும், தகவல் வந்தால்தான் லூப் நிற்கும்.

இன்னொன்று, ஒர்க்கருக்குள் கோளாறு நடந்தால் அது ஆன்மெசேஜுக்கு வராது. ஆன்எரர் என்று தனியாக வைத்திருந்தால்தான் பிடிபடும். அது இல்லாத பக்கத்தில் 'படித்துக்கொண்டிருக்கிறது' என்ற வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.