‘குரூப் ஹோம்’ ஒப்படைப்பு: எது கைமாறியது?

ஆஸ்திரேலியாவில் அரசு நடத்திவந்த ‘குரூப் ஹோம்’களை நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2017-18இலும், விக்டோரியா 2019இலும் அரசு சாரா சேவை நிறுவனங்களிடம் கொடுத்தன. ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்கிற இதைத் தமிழில் சொல்லச் சொன்னால், ‘காப்பகங்கள் தனியாருக்குக் கைமாறின’ என்றுதான் சட்டென்று வாயில் வரும். அதில் ஒவ்வொரு சொல்லும் எனக்கு நெருடுகிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். மாற்றுத்திறனாளிகள், குறிப்பாக அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், நான்கைந்து பேர் சாதாரணத் தெரு ஒன்றில் ஒரே வீட்டில் வாழ்வார்கள். ஊழியர்கள் முறைவைத்து வந்து உதவுவார்கள். அதுதான் குரூப் ஹோம். பெரிய விடுதிகளில் மனிதர்களை மொத்தமாக அடைத்துவைத்த காலத்துக்கு மாற்றாக வந்த ஏற்பாடு இது. மெல்பர்னில் 1887இல் திறந்த ‘கியூ காட்டேஜஸ்’ அப்படியொரு விடுதி. 1996இல் அங்கே நடந்த தீவிபத்தில் 9 பேர் இறந்தார்கள். 2008இல் அது மூடப்பட்டபோது, இருந்தவர்களில் பலர் இப்படிச் சிறு வீடுகளுக்குக் குடிபோனார்கள். விடுதி என்ற பேச்சை விட்டு ‘ஹோம்’ என்று சொன்னதே ஒரு பெரிய மாற்றம்தான்.

‘குரூப்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் இத்தாலிய மூலமான ‘குருப்போ’வுக்கு முடிச்சு என்றும் பொருள் உண்டு. நம் ‘குழு’வோ ஐம்பெருங்குழு காலத்திலிருந்தே கூடி ஆலோசிப்பவர்களைக் குறித்துவருகிறது. அதனால் ‘குழு இல்லம்’ என்றால் ஏதோ குழுவின் அலுவலகம்போல ஒலிக்கிறது. ‘காப்பகம்’ நல்ல தமிழ்ச் சொல், காப்பு தரும் அகம். ஆனால் புலிகளுக்கும் காப்பகம் என்கிறோமே! அங்கே இருப்பவர் காக்கப்படுபவர் மட்டும்தான், குடியிருப்பவர் ஆகமாட்டார். நான் ‘கூட்டு இல்லம்’ என்று எழுதுகிறேன். கூட்டுக் குடும்பம் என்ற பழகிய சொல் பக்கத்திலேயே இருப்பதால், சேர்ந்து வாழ்வது உடனே புரிகிறது.

அப்புறம் ‘டிரான்ஸ்ஃபர்’. லத்தீன் மூலத்தில் இதற்கு ‘அப்பால் சுமந்து செல்லுதல்’ என்று பொருள். நம் பேச்சில் அது பணியிட மாற்றம். ‘கைமாற்று’ என்றால் சில நாளில் திருப்பித் தரும் சிறு கடன், ‘கைமாறியது’ என்றால் சொத்து விற்றுப்போனதுபோல. விக்டோரியாவில் வீடுகள் அரசின் சொத்தாகவே இருந்தன. மாறியது, உள்ளே இருப்பவர்களுக்கு அன்றாடம் உதவும் பொறுப்பு. மாற்றுத்திறனாளிகளின் உதவிக்குப் பணம் தரும் ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிக் காப்பீட்டுத் திட்டமும் வீட்டுக்கான பணத்தையும் உதவிக்கான பணத்தையும் தனித்தனியாகவே பார்க்கிறது. இதைத் தெரியாமல் ‘வீடு கைமாறியது’ என்று எழுதினால், உள்ளே வாழ்பவரும் சாமான்களோடு சாமானாகக் கைமாறியதுபோல் ஆகிவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, ‘ஒப்படைப்பு’? ‘ஒப்பு’ என்ற சொல்லில் சம்மதம் இருக்கிறது. ஒப்புக்கொள்வதும் ஒப்புதலும் அதே வழியில் வந்தவை. பொறுப்பை வாங்கியவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற தொனியும் ஒப்படைப்பதில் உண்டு. ஆகவே இதுவே பொருத்தம். ஒன்று மட்டும் உறுத்துகிறது: குடியிருப்பவரின் சம்மதத்தைக் கேட்காமல் நடந்தால் அந்த ‘ஒப்பு’ எங்கே?

‘தனியார்’ விஷயம் சிக்கலானது. விக்டோரியாவில் பொறுப்பேற்றவை லாபநோக்கற்ற நிறுவனங்கள். ‘தனியார்’ என்றால் வாசகர் வியாபாரத்தை நினைப்பார். ஆனால் நியூ சவுத் வேல்ஸ் ஊழியர் சங்கம் இதைத் தனியார்மயம் என்றே சொல்லி எதிர்த்தது. அரசு ஊழியராக இருந்தவருக்கு அது வெறும் சொல் வேறுபாடு இல்லை. அதனால் செய்தியில் ‘அரசு சாரா நிறுவனம்’ என்று எழுதி, சங்கத்தின் கூற்றை அவர்கள் சொல்லாலேயே தருவது சரி.

மொத்தமாகச் சேர்த்தால், ‘கூட்டு இல்லங்களின் பராமரிப்புப் பொறுப்பு அரசு சாரா நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று வரும். தலைப்புக்கு நீளம்தான். இடம் போதாவிட்டால் ‘அரசு சாரா’வை எடுத்துவிடுங்கள், ‘பொறுப்பு’ இருக்கட்டும்.