ஓர் அணியை இரண்டு நிரல்கள் பகிர்ந்துகொள்வது எப்படி?

கோவை நூற்பாலை ஒன்றில் 1,008 ஸ்பிண்டில்கள் (நூற்கதிர்கள்) கொண்ட ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தை இரண்டு சி நிரல்கள் கண்காணிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, ஒவ்வொரு ஸ்பிண்டிலிலும் ட்ராவலர் (வளையத்தில் நூலோடு சுற்றும் சிறு கொக்கி) ஓடும் வேகத்தை ஓர் அணியில், அதாவது எண்களை வரிசையாக வைக்கும் நினைவக இடத்தில், எழுதுகிறது. மற்றொன்று அதைப் படித்து, நூல் அறுந்த இடத்தைத் திரையில் காட்டுகிறது. (நூல் அறுந்தாலும் ஸ்பிண்டில் சுழன்றுகொண்டேதான் இருக்கும், ட்ராவலர்தான் நின்றுவிடும்.)

அணியைப் பொது மாறியாக அறிவித்து, ஓடும் நிரலைப் பிரதியெடுக்கும் ஃபோர்க் அழைப்பின் மூலம் இரண்டாவது நிரலைப் பிறப்பித்தால் போதுமே என்று தோன்றலாம். போதாது. தொடக்கத்தில் இரண்டும் ஒரே நினைவகப் பக்கங்களை (நினைவகத்தின் சம அளவுத் துண்டுகளை) பார்த்தாலும், ஏதேனும் ஒன்று எழுத முற்பட்ட உடனே, இயங்குதளத்தின் மையமான கர்னல் அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தனியாகக் கொடுத்துவிடுகிறது.

நிரல் காணும் முகவரிகள் எல்லாம் மெய்நிகர் முகவரிகளே. அவற்றை உண்மையான நினைவக இடங்களோடு இணைப்பது, ஒவ்வொரு நிரலுக்கும் கர்னல் தனித்தனியே வைத்திருக்கும் பக்க அட்டவணை. இரண்டு அட்டவணைகளும் ஒரே பக்கத்தைச் சுட்டும்படி செய்வதுதான் பகிர்வு நினைவகம். லினக்ஸில் எஸ்எச்எம்_ஓப்பன் என்ற அழைப்பு அதற்கு ஒரு பெயரிட்டுத் திறக்கிறது, எஃப்ட்ரன்கேட் அளவைக் குறிக்கிறது, எம்மேப் அதை மேப்_ஷேர்ட் என்ற குறியுடன் நிரலுக்குள் பொருத்துகிறது. புதிதாகத் திறந்ததன் அளவு பூஜ்ஜியம் என்பதால், நடுப்படியை விட்டுவிட்டால் முதன்முறை எழுத முற்படும்போதே நிரல் பஸ் பிழையில் (இல்லாத நினைவகத்தைத் தொட்டதற்கான பிழை) விழும். தலா 4 பைட் வீதம் நம் அணிக்கு 4,032 பைட் தேவை. 4,096 பைட் கொண்ட ஒரே பக்கத்தில் அது அடங்கி, 64 பைட் மிஞ்சுகிறது.

அதே பக்கம் இரு நிரல்களிலும் வெவ்வேறு முகவரிகளில் பொருந்தக்கூடும். ஆகவே அதற்குள் பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, சேமிக்கக் கூடாது. வரிசை எண்ணைச் சேமிக்கலாம்.

கூட்டுக் கிணற்றில் பங்கு இருப்பது வேறு, இறைக்கும் முறை வருவது வேறு. கர்னல் தருவது பங்கு மட்டுமே. முறையை நாம்தான் வகுக்க வேண்டும். இல்லையெனில் படிக்கும் நிரலுக்குப் பாதி புதிய, பாதி பழைய எண்கள் கலந்து கிடைக்கும். முறை காக்கும் எண்ணியான செமஃபோரைப் பலரும் இதற்குப் பரிந்துரைப்பார்கள்; ஆனால் அதைப் பிடித்தபடியே எழுதும் நிரல் இறந்துபோனால், மற்றது முடிவின்றிக் காத்துக்கிடக்கும். இரவு பகலாக ஓடும் ஆலைக்கு, பல நிரல்கள் பகிரத்தக்க ரோபஸ்ட் வகை மியூடெக்ஸே (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு) பொருத்தம் என்பேன். பிடித்திருந்த நிரல் இறந்ததை அடுத்து வருவதற்கு அது பிழைக்குறியாகத் தெரிவித்துவிடும். 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் அதற்கு ஆகும் 40 பைட்டும் மிஞ்சிய இடத்திலேயே அடங்கும்.