இம்பிளான்ட் வைக்கும் முன் இரண்டாவது சத்திரசிகிச்சையையும் எண்ணிப் பாருங்கள்

போன வருடம் களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார். வயது 34. கூட வந்த அம்மாவை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில், ஒன்பது வருடங்களுக்கு முன், இரண்டு மார்பிலும் சிலிக்கோன் இம்பிளான்ட், அதாவது மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் செயற்கைப் பை, வைத்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "இடப்பக்கம் கல்லு மாதிரி இரிக்கு டொக்டர். அந்தப் பக்கம் சரிஞ்சி படுக்க ஏலாது" என்றார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பார்த்த உடனேயே விளங்கியது. இடது மார்பு மேலே ஏறி, பந்து போல உருண்டு நின்றது. தொட்டால் வலி. எந்தக் கம்பெனியின் இம்பிளான்ட், வழுவழுப்பானதா சொரசொரப்பானதா, தசைக்கு மேலே வைத்தார்களா கீழேயா என்று கேட்டேன். ஒன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. இந்த விவரங்கள் எழுதிய ஒரு கார்ட் கொடுத்தார்களாம், வீடு மாறும்போது தவறிவிட்டது. வைத்த கிளினிக்கும் இப்போது இல்லை.

நான் மட்டக்களப்பில் மார்பக நோய்களைப் பார்க்கும் சத்திரசிகிச்சை வைத்தியர். அழகுக்காக இம்பிளான்ட் வைப்பது என் வேலையல்ல. வைத்த பிறகு தொல்லையோடு வருபவர்களையும், வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களையும்தான் பார்க்கிறேன். முன்பு வருடத்தில் ஒருவர் கேட்டால் பெரிது. இப்போது கல்முனையிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் போனில் படங்களைக் காட்டிக் கேட்கிறார்கள். கேட்பது தப்பில்லை. ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஒப்பரேஷன் ஆபத்தா?" முதல் ஒப்பரேஷன், நல்ல கைகளில், பெரும்பாலும் சுகமாகவே முடிந்துவிடும். அதற்குப் பின்னால் வரும் வருடங்களைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

உடம்புக்குள் வெளிப்பொருள் ஒன்றை வைத்தால் உடம்பு அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டும். முள் முறிந்து உள்ளே நின்றால் சுற்றிவரக் கெட்டியாகிறதே, அதே வேலைதான். பலருக்கு அந்த உறை மெல்லியதாகவே இருந்துவிடும், தொல்லை தராது. சிலருக்கு அது தடித்துச் சுருங்கி இம்பிளான்ட்டை நெரிக்கத் தொடங்கும். இதை நாங்கள் நான்கு படிகளாகப் பிரிக்கிறோம். முதல் படியில் மார்பு இயல்பாகவே இருக்கும். இரண்டாவதில் தொட்டால் கொஞ்சம் இறுக்கம் தெரியும். மூன்றாவதில் வடிவம் மாறியது கண்ணுக்கே தெரியும். நான்காவதில் வலி வந்துவிடும். களுவாஞ்சிக்குடிப் பெண் நான்காவதில் நின்றார். அந்த நிலையில் தைலம் பூசியோ தடவிவிட்டோ பயனில்லை. திறந்து, உறையையும் இம்பிளான்ட்டையும் எடுக்கவேண்டும். புதிதாக ஒன்று வைத்தால் அதைச் சுற்றியும் மறுபடி இறுகலாம்.

இம்பிளான்ட் ஆயுளுக்கும் இருக்கும் பொருள் அல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்கிறது. அழகுக்காக வைத்தவர்களில் ஐந்தில் ஒருவர் வரை 8 முதல் 10 வருடங்களுக்குள் அதை எடுக்கவேண்டி வருகிறது என்பதும் அவர்கள் தரும் கணக்குத்தான். 2021 இல் லேபலிலேயே கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கினார்கள். வைக்கும் முன் ஒவ்வோர் ஆபத்தையும் படித்துக் கையொப்பமிட ஒரு படிவமும் அங்கே உண்டு. 25 வயதில் வைக்கும் ஒருத்தி இன்னும் ஐம்பது வருடம் வாழப்போகிறவள். அவள் ஒரு சத்திரசிகிச்சைக்குத்தான் காசு சேர்க்கிறாள். இரண்டாவது வந்தால் யார் காசு கொடுப்பது, யார் வீட்டில் பிள்ளைகளைப் பார்ப்பது, கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் யார் கூட வருவது? இந்தக் கேள்விகளை நான் கேட்டால் சிலர் முகம் சுருங்குகிறது. ஆனாலும் கேட்காமல் விடமாட்டேன்.

அடுத்தது கிழிவது. உப்புநீர் நிரப்பிய இம்பிளான்ட் கிழிந்தால் மார்பு சட்டென்று சுருங்கிவிடும், கண்ணாடி பார்த்தாலே தெரியும். சிலிக்கோன் ஜெல் அப்படியல்ல. கிழிந்த பிறகும் ஜெல் பெரும்பாலும் அந்தத் தழும்பு உறைக்குள்ளேயே நிற்கும். வலி இல்லை, வடிவம் மாறாது, உடம்பு ஒரு குறிப்பும் காட்டாது. அதனால்தான் ஒரு தொல்லையும் இல்லாதவர்கள்கூட வைத்து 5 அல்லது 6 வருடங்களில் முதல் ஸ்கேனும், பிறகு 2, 3 வருடங்களுக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஸ்கேனும் செய்யவேண்டும் என்று அதே அமெரிக்க நிர்வாகம் சொல்கிறது. அது அல்ட்ராசவுண்டாகவோ எம்.ஆர்.ஐ ஆகவோ இருக்கலாம். நம் பெண் ஒன்பது வருடங்களில் ஒன்றுகூடச் செய்யவில்லை. இடப்பக்கத்துக்காக அனுப்பிய ஸ்கேனில் சந்தேகம் எழுந்தது வலப்பக்கத்தில். அவர் நல்ல பக்கம் என்று நம்பியிருந்த பக்கம். எம்.ஆர்.ஐ எடுத்தோம், கிழிந்துதான் இருந்தது.

அவர் தவறவிட்ட அந்தக் கார்டை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன்? 2010 இல் பிரான்சில் பி.ஐ.பி என்ற கம்பெனி, மருத்துவத்துக்குரிய சிலிக்கோனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளில் பயன்படும் மலிவான சிலிக்கோனை நிரப்பி விற்றது பிடிபட்டது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான பெண்கள் தங்கள் உடம்புக்குள் இருப்பது அதுவா என்று தேடவேண்டி வந்தது. கம்பெனியின் நிறுவனருக்கு 2013 இல் நான்கு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. பிறகு 2019 இல் அலர்கன் கம்பெனியின் பயோசெல் என்னும் சொரசொரப்பான வகை உலக அளவில் திரும்பப் பெறப்பட்டது. அந்த வகையோடு சேர்த்து ஓர் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டதுதான் காரணம். இப்படியொரு செய்தி வரும்போது கார்ட் இருப்பவர் எடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், அல்லது உடனே வைத்தியரிடம் போகலாம். இல்லாதவருக்கு இரண்டும் இல்லை.

அந்தப் புற்றுநோயைப் பற்றியும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பயமும் கூடாது, அலட்சியமும் கூடாது. அது மார்பகப் புற்றுநோய் அல்ல. இம்பிளான்ட்டைச் சுற்றிய உறையிலும் அங்கே சேரும் நீரிலும் உருவாகும் ஒருவகை லிம்போமா, அதாவது நிணநீர்த் தொகுதியின் புற்றுநோய். மிக அரிது. பெரும்பாலும் வைத்துப் பல வருடங்கள் கழித்து, ஒரு பக்க மார்பு திடீரென நீர் கோத்து வீங்குவதாகத் தொடங்கும். அந்த வீக்கத்துக்கு "பால் கட்டியிருக்கும்", "அடிபட்டிருக்கும்" என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நேரத்தோடு கண்டுபிடித்து உறையோடு சேர்த்து எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள்.

களைப்பு, மூட்டுவலி, ஞாபகத் தடுமாற்றம் என்று உடம்பு முழுக்கத் தொல்லை சொல்லும் பெண்களும் உண்டு. இதற்கென்று தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது. இம்பிளான்ட்டை எடுத்த பிறகு சிலருக்குக் குறைகிறது. "எல்லாம் மனப்பிரமை" என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது சரியில்லை என்பது என் எண்ணம்.

என்னிடம் கேட்க வருபவர்களில் பாதிப்பேர் இன்னும் பிள்ளை பெறாதவர்கள். பால் கொடுக்க முடியுமா? பலரால் முடிகிறது. சிலருக்குப் பால் குறையலாம், குறிப்பாக முலைக்காம்பைச் சுற்றி வெட்டி வைத்திருந்தால். காம்பில் உணர்வு குறைவதும் உண்டு. இரண்டு மார்பும் ஒரே அளவில் இல்லை என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகளுக்கு, அச்சாக ஒரே அளவில் இருக்கும் பெண்களை நான் கண்டதே குறைவு என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மை. பால் கொடுத்து முடித்த பிறகு மார்பு தளர்ந்துவிட்டது என்று கணவனோ மாமியோ சொன்ன ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சத்திரசிகிச்சை பற்றிப் பேச நான் அவசரப்படுவதில்லை. அந்தச் சொல்லைப் பற்றித்தான் முதலில் பேசுகிறோம்.

புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவர்களின் கதை வேறு. அவர்கள் அழகுக்காக ஆசைப்படுகிறார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. இழந்த ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கதிர்ச்சிகிச்சை பெற்ற இடத்தில் இம்பிளான்ட் வைத்தால் உறை இறுகும் வாய்ப்பு இன்னும் அதிகம். வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து மார்பு அமைக்கும் முறை உண்டு. பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பும் உண்டு. ஒன்றும் வைக்காமல் தட்டையாகவே இருந்துவிடுவதும் ஒரு நல்ல முடிவுதான். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அப்படியே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றார்.

பேஸ்புக்கில் விற்கும் கிறீம்கள் மார்பைப் பெரிதாக்காது. ஊசி மூலம் சிலிக்கோன் ஏற்றுவதாக யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழும்பி வந்துவிடுங்கள். அதை மறுபடி முழுதாக வெளியே எடுக்க எங்களால் முடியாது.

இவ்வளவும் கேட்ட பிறகும் வைக்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. வைப்பவர் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்தானா, இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். வெளிநாடு என்றால், ஊருக்கு வந்த பிறகு தொல்லை வந்தால் யார் பார்ப்பது என்று முதலே கேளுங்கள். புகைப்பவரானால் முன்கூட்டியே நிறுத்துங்கள், காயம் ஆறுவதை அது கெடுக்கும். கம்பெனி, வகை, சீரியல் இலக்கம் உள்ள கார்டைப் போனில் படம் பிடித்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதறவேண்டாம். தொல்லை இல்லாவிட்டால் அவசரமாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனாலும் மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனாலும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுங்கள். இம்பிளான்ட் மார்புத் திசுவை மறைக்கும், அதை ஒதுக்கிக் கூடுதல் படங்கள் எடுக்கவேண்டும். கட்டி என்று நினைத்து ஒருவர் ஊசி குத்திப் பார்க்கவும் கூடும். அம்மாவிடம் மறைக்கலாம், ஸ்கேன் செய்பவரிடம் மறைக்கக்கூடாது.

களுவாஞ்சிக்குடிப் பெண் கடைசியில் அம்மாவிடமும் சொன்னார். என் அறையில்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு நாளும் தனியாவா நொந்தாய் மகள்" என்றார். கொழும்பில் இரண்டையும் எடுத்தார்கள். புதிதாக வைக்க அவர் விரும்பவில்லை. வெளியே எடுத்த பிறகுதான், ஒன்றின் அடியில் பொறித்திருந்த எழுத்திலிருந்து அது எந்தக் கம்பெனியினது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த அட்டையிலும் அதை எழுதியிருந்தார்கள். தையல் பார்க்க வந்த அன்று, அந்த அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். மகளின் கையிலிருந்து அதை வாங்கிச் சேலை முந்தானையால் துடைத்தவாறே அம்மா சொன்னார்: "காணி உறுதி வச்சிரிக்கிற பெட்டிக்குள்ள வைக்கிறன் டொக்டர்."