ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் தொடை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் சாலையில் விடியுமுன் ஓடினால், ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர்களின் நெற்றி விளக்குகள் மரம் மரமாக நகர்வதைப் பார்க்கலாம். முதல் மாரத்தானுக்கு அங்கே பயிற்சியைத் தொடங்கியபோது ஏற்றத்துக்குத்தான் பயந்தேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் ஏறிவிட்டேன். திரும்பும்போது இறக்கம் சுகமாக இருந்தது, வேகமாகவே ஓடினேன். இரண்டாம் நாள் காலை, வீட்டு மாடிப்படியில் ஏற முடிந்தது. இறங்கத்தான் முடியவில்லை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

ஏற்றத்தின் கணக்கு எளியது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏற, எடையைத் தூக்கும் வேலைக்கு மட்டும் சுமார் 14 கிலோ கலோரி வேண்டும். தசை தான் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்கையே வேலையாக மாற்றுகிறது. மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே உண்மைச் செலவு 56 கிலோ கலோரி அளவில் இருக்கும். சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடவும் அவருக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். 100 மீட்டர் ஏறினால் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியதாக வைத்துக்கொள்ளலாம்.

இறக்கத்தின் கதை வேறு. கிணற்றுக்குள் கனமான குடத்தைக் கயிற்றில் இறக்குவதை நினைத்துப் பாருங்கள். கை கயிற்றை இழுத்துப் பிடிக்கிறது. அதே நேரத்தில் விட்டுக்கொடுக்கவும் செய்கிறது. இறக்கத்தில் கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் முன்தொடைத் தசை செய்வது இதைத்தான்: சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. இப்படி வேலை செய்யும்போது குறைந்த எண்ணிக்கையிலான தசை நார்களே சுமையைத் தாங்குவதால், ஒவ்வொன்றின் மீதும் இழுவிசை கூடுகிறது. நார்களுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகள் சில இடங்களில் குலைந்துபோகின்றன. அதைச் சீராக்க உடல் தொடங்கும் வேலையோடு வலியும் வருகிறது. ஓடிய ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அது உச்சத்தைத் தொடும். ஏமாற்றம் எங்கே என்றால், மிதமான இறக்கத்தில் ஆற்றல் குறைவாகவே செலவாகிறது. மூச்சும் இதயமும் எச்சரிக்கை கொடுப்பதே இல்லை.

இதே காயத்தில்தான் பயனும் இருக்கிறது. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் வெகு குறைவாகவே சேதமடைகிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. நரம்புகள் தசையை இயக்கும் விதம் மாறுகிறது, இணைப்புத் திசு உறுதியாகிறது. நான்காவது வாரம் அதே சாலையில் அதே தூரம் இறங்கினேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கைப்பிடியைத் தொடாமலே படியிறங்கினேன்.

சமதள மாரத்தானுக்கும் இது உதவும். ஒரு காலடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால், 42.195 கிலோமீட்டருக்கு 42 ஆயிரம் காலடிகள். ஒவ்வொன்றிலும் தொடை சிறிதளவு தடை பிடித்தே ஆகவேண்டும்.

முதலில் மிதமான சரிவைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை போதும். அடியைக் குறுக்கி, பாதம் உடலுக்கு நேர் கீழே விழும்படி ஓடுங்கள். பின்னால் சாய்ந்தால் குதிகால் முன்னே போய் ஊன்றும், அதிர்ச்சி முழங்காலுக்கு ஏறும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரச் சருகு படிந்த வளைவுகளில் நடந்தே இறங்குங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் செங்குத்தான இறக்கம் வேண்டாம். தசை பெற்ற பாதுகாப்பு அதற்குள் போய்விடாது. புதிய காயம் ஆறத்தான் நாள் போதாது.