மாரிக்கு முன் கொப்பு வெட்டுவோர் கவனத்துக்கு

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மின்கம்பிக்கு முட்டி நிற்பவை பெரும்பாலும் நாமே வேலிக்கு நட்டவைதான்: சீமைக்கிளுவை, பூவரசு, முருங்கை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. ஆனால் கம்பி அறுவதற்குச் சூறாவளி தேவையில்லை. மாரிக்காற்றில் நனைந்த ஒரு கொப்பு உரசினாலே போதும்.

வீட்டாரிடம் நான் கெஞ்சிக் கேட்பது, அந்தக் கொப்பை நீங்களே வெட்டாதீர்கள். முருங்கைக்காய் பறிக்கும் இரும்புக் குழாய்க் கொக்கத்தடியைக் கண்டாலே எனக்கு நெஞ்சு பதறும். வீட்டுக்குள் வருவது 230 வோல்ட். வீதியோரம் உயரத்தில் ஓடும் பெரிய லைனில் 33,000. அதைத் தடி தொடவே தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். மூங்கில் தடியும் ஈரமென்றால் காப்பாற்றாது. மின்சாரக்காரரின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

நாங்கள் வெட்டப் போனால், “தம்பி, மொட்டையா வெட்டிவிடுங்கோ, கொஞ்ச வருசத்துக்குத் தொல்லை இல்லை” என்பார்கள் ஐயாமார். நடப்பது எதிர்மாறு. மொட்டையடித்த வேம்பு, வெட்டுவாயைச் சுற்றிக் கட்டுக்கட்டாகத் துளிர்த்து நேரே கம்பிக்கே ஏறும். அந்தத் துளிர்களுக்கு மரத்தோடு பிடிப்புக் குறைவு, காற்றில் முதலில் பிய்வதும் அவைதான். வெட்டுவாய் மூடாமல் உக்கும், கறையானும் சேரும். கம்பியை நோக்கிப் போகும் கொப்பை மட்டும், அது பிரியும் இடத்தில் வீங்கியிருக்கும் கழுத்தைக் காயப்படுத்தாமல், எடுத்துவிட வேண்டும். பாரக்கொப்பென்றால் முதலில் கீழிருந்து பாதி அறுக்க வேண்டும், இல்லையேல் பட்டை உரிந்து தண்டுவரை கிழியும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அந்த மரம் மறுபடி கம்பியைத் தேடி வர வருடங்கள் ஆகும்.

தம்பலகாமம், கந்தளாய் வழியே ஓடும் ரயில் பாதையில் கதை வேறு. சரளைக்கல்லுக்குள் புல் வேர்விட்டால் மண் சேரும், தண்ணீர் வடியாது, பாதை இளகும். களைநாசினி அடிப்பது சுலபம். கிளைபோசேட் என்ற களைநாசினி இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு 2022இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதி இருந்தாலும் வாய்க்கால் ஓரங்களில் அதைத் தெளிப்பதை நான் ஏற்கமாட்டேன். திருகோணமலை நகரம் குடிப்பது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். அங்கே இயந்திரத்தால் வெட்டுவதே சரி. வெட்டிய புல்லை மின் லைனுக்குக் கீழே எரிக்கவும் கூடாது, அடர்ந்த புகை வழியாகவும் மின்சாரம் பாயலாம்.

புதிதாக நடுவோர் கம்பிக்குக் கீழே எலுமிச்சை, மாதுளை, செவ்வரத்தை, கறிவேப்பிலை நடலாம். தென்னை மட்டும் தள்ளியே நிற்கட்டும். ஓலையே 5 மீற்றர் நீளும், பக்கத்தில் நின்றாலும் விழும்போது லைனைத் தட்டும்.