ஆகாயத்தாமரைய வீட்டுக் குளத்துல விடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்

போன வாரமும் அதே கதைதான். மதுரை கே.கே. நகர் பக்கம் ஒரு வீடு, வாசல்ல ஆறடிக்கு நாலடியில அழகா ஒரு குளம் கட்டிருக்காங்க. "தம்பி, மீனெல்லாம் விடிஞ்சா செத்து மிதக்குது, தண்ணியில ஏதோ கோளாறு"ன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா தண்ணியே கண்ணுக்குத் தெரியல, முழுக்க ஆகாயத்தாமரை. வெங்காயத்தாமரைன்னும் சொல்லுவாங்க, அதே சனியன்தான். நர்சரியில "தண்ணிய சுத்தம் பண்ணும்க்கா"ன்னு சொல்லி நாலஞ்சு கொத்து குடுத்துவிட்ருக்காங்க.

இந்த "சுத்தம் பண்ணும்"ங்கிற பேச்சக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருது. தண்ணியில இருக்குற சத்த அது உறிஞ்சும், இல்லைன்னு சொல்லல. உறிஞ்சினது எங்க போகும்? அதோட இலையிலயும் வேர்லயும்தான இருக்கும்? நீங்க செடிய அள்ளி வெளிய போட்டாத்தான் அந்த அழுக்கு வெளிய போகும். அள்ளாம அழகு பாத்துட்டு இருந்தா அடி இலை அழுகி அம்புட்டும் திரும்ப அதே தண்ணிக்குள்ளதான் இறங்கும், கூடவே சேறும் சேரும். சரி, "செடி ஆக்சிஜன் குடுக்கும்ல சார்"னு அடுத்த கேள்வி வரும். குடுக்கும், ஆனா இலை இருக்குறது மேல காத்துல, அங்கிட்டுதான் குடுக்கும். மீனுக்குக் கிடைக்கணும்னா ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா மாதிரி தண்ணிக்குள்ளயே முங்கிக் கிடக்குற செடி வேணும், அதுவும் வெயில் பட்டாத்தான் வேலை செய்யும். மேல பாய் விரிச்ச மாதிரி மூடிட்டா வெயில் எங்கிட்டு உள்ள போக? அதான் விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது.

அப்புறம் அந்தக்கா சொன்னாங்க பாருங்க, "ரொம்பப் பெருகிருச்சுன்னு பாதிய அள்ளி பின்னாடி வாய்க்கால்ல போட்டுட்டோம் தம்பி"ன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. தென் அமெரிக்கச் செடி அது, தோதான இடம் கிடைச்சா ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்காகும், விதை சேத்துக்குள்ள 15 வருஷம் ஆனாலும் உயிரோட கிடக்கும். ஏ.வி. பாலத்துல நின்னு வைகைய எட்டிப் பாத்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம், மிஷின விட்டு அள்ளுறாங்க, அடுத்த மழைக்குத் திரும்ப வந்து நிக்குது. தயவுசெஞ்சு வாய்க்கால்லயோ கண்மாய்லயோ போடாதீங்க. மொட்டமாடியில பரப்பி சருகா காயவிட்டு அப்புறம் உரக்குழியில போடுங்க. வேண்டாத மீனுக்கும் இதே பேச்சுதான், கப்பி மீன கொண்டுபோய் கண்மாய்ல விட்டு புண்ணியம் தேடாதீங்க.

சரி, எதத்தான் வைக்கிறது? மொதல்ல வெயில் எவ்வளவு நேரம் விழுதுன்னு பாருங்க. அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத இடத்துல அல்லி, தாமரை ரெண்டுமே இலையக் காட்டுமே தவிர பூக்காது, போர்ட்டிகோ நிழல்ல வச்சுட்டு என்னைய வையாதீங்க. நிழல்னா சேம்பு, குடை மாதிரி விரியுற அம்ப்ரெல்லா பாம், இதுக போதும்.

பொற்றாமரைக் குளத்தப் பாத்துட்டு வந்து எல்லாரும் தாமரைதான் கேக்குறாங்க (அங்க இருக்குறதே பொன்னுல செஞ்ச தாமரைதானய்யா). ஆறுக்கு நாலு குளத்துல தாமரைய மண்ணுலயே நட்டா கிழங்கு ஓடி குளம் பூரா அதுதான் நிக்கும். ஓட்டை இல்லாத ரெண்டடி அகல வட்ட டப்புல தனியா வைங்க, சதுர டப்புன்னா கிழங்கு மூலையில போய் முட்டிக்கிட்டு நிக்கும். சின்னக் குளத்துக்கு என்னயக் கேட்டா அல்லிதான். அதுலயும் ஒரு விஷயம், நம்மூரு வெள்ளை அல்லி, செவ்வல்லி ராத்திரி விரிஞ்சு காலையில வெயில் ஏறுனதும் மூடிக்கும், நீல அல்லி பகல்ல விரியும். நீங்க காலையில வேலைக்குப் போய்ட்டு பொழுது சாஞ்சு வர்ற ஆளுன்னா நீலத்த வாங்கிட்டு "பூவே பாக்கல"ன்னு புலம்பாதீங்க, ராத்திரி பூக்குறத வாங்குங்க.

நடும்போது நர்சரி மண்கலவையோடயே இறக்காதீங்க. அதுல இருக்குற தேங்காய் நார்க்கழிவு அப்படியே மேல மிதந்து வந்து தண்ணிய டீ கலர் ஆக்கிரும். கண்மாய்க் கரம்பை மண்ண எடுத்து, அடியில நல்லா மக்குன எரு ஒரு கை, மேல ரெண்டு விரக்கடை ஆத்து மணல். பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம், மீன் செத்துரும். புது சிமெண்ட் தொட்டின்னா சுண்ணாம்பு இறங்கும், ரெண்டு மூணு தடவ நிரப்பி கொட்டிட்டு அப்புறம் செடி வைங்க. தார்ப்பாய் விரிச்ச குளத்துல சம்பங்கோரை கூடாது, கிழங்கு நுனி குத்தி ஓட்டை போட்ரும். ஓரத்துக்கு வசம்பு, வல்லாரை, நீர்பிரம்மி போதும்.

தண்ணி பச்சையாகுதுன்னு வாராவாரம் மொத்தமா மாத்துறத நிறுத்துங்க. புதுத் தண்ணி, மேல சுள்ளுன்னு வெயில், பாசிக்கு வேற என்ன வேணும்? அல்லி இலை பாதிக் குளத்த மூடுற வரைக்கும் பொறுங்க, பச்சை தானா குறையும். பாதிக்கு மேல போனா வெட்டி விடுங்க.

வீட்டுல தவழுற பிள்ளை இருந்தா மேல கம்பி வலை போடாம குளமே வேண்டாம், ஒரு அடித் தண்ணிதானன்னு நினைக்காதீங்க.

கடைசியா, எந்தச் செடி வாங்கினாலும் அன்னைக்கே குளத்துல இறக்காதீங்க. வேர நல்லா அலசிட்டு ஒரு வாரம் வாளியில தனியா வைங்க, எள்ளு சைஸ்ல பச்சையா எதாவது மிதந்தாலோ இலைக்கு அடியில வழுவழுன்னு நத்தை முட்டை இருந்தாலோ வாளியோட முடிச்சிரலாம்.